எத்தனை பக்கம் கிருமி படிக்க வேண்டும்?

பணி ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. எனக்குத்தான் ஓய்வு, என் ஃபோனுக்கு இல்லை. ஆஸ்பத்திரி லேப்பில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் இப்போது பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவர்களெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். என்னோடு கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுப் போடிக்கு மாற்றலாகிப் போன முருகேசன், போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். "அக்கா, மக நீட்டுக்குப் படிக்குது. இந்த மைக்ரோபயாலஜிய எம்புட்டுப் படிக்கணும்னு கேக்குது. கிருமியோட முப்பத்திநாலு வருசம் குடும்பம் நடத்துன ஆளு நீங்க. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீகன்னா போதும்."

எழுதுகிறேன் தம்பி, ஆனால் ஒரு பேப்பரில் அடங்காது. ஏனென்றால் இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். ரொம்பத் தெரிந்தவள் மாதிரி, மார்தட்டிக்கொண்டு சொன்னேன். அந்தப் பதிலால் ஒருத்தியின் டாக்டர் படிப்பு கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. அதைச் சொல்லாமல் பக்கக் கணக்கு மட்டும் சொன்னால் நீ என்னை நம்பக் கூடாது.

எனக்கு ராயப்பன்பட்டிப் பக்கம். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பூச்சி மருந்து வாடையில் வளர்ந்தவளுக்கு லேப் வாடை பெரிதாகத் தெரியவில்லை. மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்தேன். நரம்பு தேடி ஊசி குத்தவும் கண்ணாடி கழுவவும் படித்தேன் என்று சொன்னால் அந்தக் காலம் முழுவதும் அதில் அடங்கிவிடும். உண்மையில் நான் படித்ததெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு, டாக்டர் கோமதியிடம்.

எங்கள் லேப்பில் கிருமிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டும்போது இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம்தான் காதைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும். அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. சாம்பிளைத் தொடும் முன்னால் அதோடு வந்த படிவத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பெயர், வயது, வார்டு, கடைசியாக என்ன கேட்டிருக்கிறார்கள் என்பது. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சுவரைப் பார்த்தாவது வாசித்தே ஆக வேண்டும். இன்னொன்று, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு நீலப் பென்சில். ரிப்போர்ட்டில் கேட்காத ஒரு சொல் இருந்தாலும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வட்டம் வாங்காத ஆள் எங்கள் லேப்பில் கிடையாது.

அந்தக் காலத்தில் சளிப் பரிசோதனைதான் எங்கள் அன்றாட வேலை. கண்ணாடித் தகட்டில் சளியை ஈர்க்குச்சியால் பரப்பி உலரவிட வேண்டும். இரண்டு மூன்று தரம் தீயில் காட்டினால் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சிவப்புச் சாயத்தை நிறைய ஊற்றி, அடியிலிருந்து தீயைக் காட்ட வேண்டும். ஆவி வர வேண்டும், கொதிக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் பொறுத்துத் தண்ணீரில் கழுவி, கந்தக அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலம் பட்டதும் மற்றதெல்லாம் சாயத்தை விட்டுவிடும், காசநோய்க் கிருமி மட்டும் விடாப்பிடியாகச் சிவப்பை வைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் நீலச் சாயம். எண்ணெய்த் துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள். நூறு இடம் பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுதலாம். முதன்முதலாக அந்தச் சிவப்புக் குச்சியைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இப்போது மெஷின் வந்துவிட்டது, சாம்பிளைப் போட்டால் அதுவே சொல்லிவிடுகிறது. சொல்லட்டும், எழுந்து நிற்க அதற்குத் தெரியாதே.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு தகட்டில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனால் நான் பார்த்ததை விடுவேனா? உருண்டைக் கிருமிகள் சங்கிலியாக இருக்கின்றன, ஈஸ்ட் இருக்கிறது, சீழ் செல்கள் இவ்வளவு என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். முழுப் பத்தியையும் சுற்றி ஒரு நீல வட்டத்தோடு திரும்பி வந்தது. என்னை எதிரே நிறுத்தி, படிவத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று கேட்டார். காசநோய்க் கிருமி இருக்கா இல்லையா என்று கேட்டிருப்பதாகச் சொன்னேன். பிறகு ஏன் இவ்வளவு என்றார். தெரிந்ததை எல்லாம் எழுதினேன் மேடம் என்றேன்.

"தெரிஞ்சதை எல்லாம் எழுதறதுக்கு இது பரீட்சை இல்லை, சரோஜா."

அந்த வாக்கியம் அப்போது எனக்குச் சுள்ளென்று இருந்தது. அதில் ஒரு தப்பு இருப்பது முப்பத்திரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாவை ஜீப்பில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பத்து நாள் காய்ச்சல். வரும்போதே கையில் ஒரு சீட்டு இருந்தது, விடால் சோதனை பாசிட்டிவ், டைபாய்டு உறுதி என்று வெளியே எங்கேயோ எழுதிக் கொடுத்தது. விடால் என்பது ரத்தத்தின் தெளிந்த நீரை டைபாய்டுக் கிருமியிலிருந்து செய்த கரைசலோடு கலந்து, திரிகிறதா என்று பார்க்கும் சோதனை. பத்து நாளும் அந்த அம்மா டைபாய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் கோமதி சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் வார்டிலிருந்து வந்த படிவத்தை வாசிக்கச் சொன்னார். 'காய்ச்சலுக்குக் காரணம்' என்று இருந்தது. ரத்தத்தைத் தகட்டில் பரப்பிப் பார்த்தோம். மலேரியா. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பாரா என்று தெரியாது.

நம் பக்கத்தில் பலபேர் ரத்தத்தில் விடால் எப்போதும் கொஞ்சம் திரியும், முன்னால் வந்த நோயின் மிச்சமாகவும் இருக்கலாம், அதை வைத்து உறுதி என்று எழுதினால் ஆளைக் கொல்வோம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே ஒரு அட்டையில் தன் கையால் எழுதி, மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டினார்: 'விடால் சந்தேகம் எழுப்பும். உறுதி செய்யாது.' அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்த அட்டை போகவில்லை. போகும்போது எனக்குத் தன் மைக்ரோபயாலஜிப் புத்தகத்தைக் கொடுத்தார். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தடிப் புத்தகம். அதை நான் பூஜை அறையில் வைக்காத குறைதான்.

ஷமீமா எங்கள் லேப்பில் ஒப்பந்த டெக்னீசியனாக வந்து சேர்ந்தபோது அந்த அட்டை நன்றாகப் பழுத்திருந்தது. அவள் நாற்காலி சரியாக அதற்கு எதிரே. உத்தமபாளையத்துப் பெண். வீட்டுக்காரர் காதர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் எடுத்தவள், டாக்டர் ஆக வேண்டும் என்று நினைத்தவள். பிறகு லேப் படிப்பு, கல்யாணம், பிள்ளை என்று போய்விட்டது. வேலையில் கெட்டிக்காரி. அவள் பார்த்த தகட்டை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

நீட் எழுத வயது வரம்பு இல்லை என்று ஆனபோது அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, நான் எழுதிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னாள். காதர் சரி என்றுவிட்டாராம். மகள் ஆறாம் வகுப்பு போகிறவரை இரண்டு தடவை, அதற்கு மேல் ஒருநாளும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று தனக்குத்தானே கணக்கு வைத்திருந்தாள். அப்புறம் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டாள்.

"அக்கா, மைக்ரோபயாலஜி எம்புட்டுப் படிக்கணும்?"

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. என் லேப்பிலிருந்து ஒரு டாக்டர். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வீட்டுக்குப் போய் அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். அட்டை முதல் அட்டை வரை படி என்றேன். இயற்பியலிலும் வேதியியலிலும் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு நம்மால் ஓட முடியாது, கிருமியில் மட்டும் தமிழ்நாட்டில் உன்னை அடிக்க ஆள் இருக்கக் கூடாது என்றேன். தினமும் மத்தியானம் நானே கேள்வி கேட்டேன். எந்தக் கிருமி எந்த வளர்ப்பு ஊடகத்தில் வளரும், எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கும், எந்த மருந்துக்கு மசியும். அவள் தடுமாறாமல் சொல்லுவாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒருநாள் அவள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் காட்டி, இதில் ஒரு பாடம் இருக்கிறதே, மனித நலனில் நுண்ணுயிரிகள் என்று, தயிர், இட்லி மாவு, பாலாடைக்கட்டி, சாக்கடைத் தண்ணீர் சுத்தம் செய்வது எல்லாம் வருகிறது, படிக்கவா என்று கேட்டாள். நான் சிரித்தேன். "மாவு புளிக்கிறதக் கேட்டா டாக்டர் சீட்டுக் குடுப்பாக? தள்ளு அத" என்றேன். அவள் தள்ளிவிட்டாள். நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள், அதுதான் வினை.

பரீட்சை முடிந்து விடைக்குறிப்பு வந்த நாள், லேப் சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். சரியான விடைக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிப்பு. அவள் பயந்த வேதியியலில் நன்றாகவே வந்திருந்தது. இயற்பியலில் கடைசிச் சில கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் விட்டிருந்தாள். கிருமிப் பகுதிக்கு வந்தோம், நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் கேள்வி பொருத்துக. எந்தக் கிருமி எந்த அமிலத்தைத் தயாரிக்கும் என்று. அதை எழுதாமலே விட்டிருந்தாள். அது நான் தள்ளச் சொன்ன பாடம். அடுத்தது கூற்றுக் கேள்வி: 'டைபாய்டு காய்ச்சலை விடால் சோதனையால் உறுதிப்படுத்தலாம்.' அவள் தவறு என்று குறித்திருந்தாள். விடைக்குறிப்பில் சரி என்று இருந்தது.

நான் குதித்தேன். அந்த அட்டையைக் காட்டி, இதற்கு நான் ஆட்சேபணை போடுகிறேன், பணம் கட்டுகிறேன், டாக்டர் கோமதியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன் என்று கத்தினேன். ஷமீமா பைக்குள்ளிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். டைபாய்டை விடால் சோதனையால் உறுதிப்படுத்தலாம் என்று அச்சாகியிருந்தது. ஒரே ஒரு வரி. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுருக்கிச் சொன்னது. தமிழ்நாட்டில் நீட் எழுதின அத்தனை பிள்ளைகளும் படித்த வரி. எங்கள் ஷமீமா மட்டும் அதைத் தப்பு என்று தெரிந்து வைத்திருந்தாள், நான் அதைத் தெரிய வைத்திருந்தேன்.

கவுன்சலிங் முடிந்தபோது, அவளுடைய பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரைவிட அவளுக்கு மூன்று மார்க் குறைவு. விடால் ஒன்று சரியாக இருந்திருந்தால் ஐந்து கூடியிருக்கும். அந்த அமிலக் கேள்வி சரியாக இருந்திருந்தால் நான்கு கூடியிருக்கும். ஏதாவது ஒன்று போதும். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் அவள் என்னோடு வேலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. அவள் வைத்திருந்த இரண்டு தடவையில் ஒன்று போய்விட்டது. பிறகு ஒருநாள் காலையில், சாம்பிள் வருவதற்கு முன்னால், தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அதன்மேல் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். அதன்மேல் ஒரு நீலப் பென்சில்.

"நாம படிவத்த வாசிக்காமலே சாம்பிளத் தொட்டுட்டோம்க்கா" என்றாள். "என்ன கேக்குறாகன்னு பாக்கல. தெரிஞ்சத எல்லாம் எழுதப் போயிட்டோம். பரீட்சையும் அதுக்கு இல்ல."

எனக்கு டாக்டர் கோமதியின் குரல் கேட்டது. தெரிந்ததை எல்லாம் எழுத இது பரீட்சை இல்லை என்று அவர் சொன்னாரே, அதில் இருந்த தப்பு இதுதான். பரீட்சையும் ஒரு படிவம்தான். அதை அவரும் யோசிக்கவில்லை, முப்பது வருஷம் அவர் பேச்சைப் பிடித்துக்கொண்டு திரிந்த நானும் யோசிக்கவில்லை. வந்து ஆறு வருஷம் ஆன ஒப்பந்தக்காரி யோசித்துவிட்டாள்.

ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. எதிரே அட்டையைக் காட்டி, இதைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைச் சரி என்று குறிப்பாயா, அந்த ஏலத்தோட்டத்து அம்மாவை நினைத்துப் பார்க்க மாட்டாயா என்று கேட்டேன். அந்த அம்மா கதையை அவளுக்கு நான் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"நோயாளிக்கு என்னான்னு அவுக கேக்கலக்கா. இந்தப் புத்தகத்துல என்ன இருக்குன்னுதான் கேக்குறாக. நோயாளியப் பத்திக் கேக்குற எடத்துக்குப் போகத்தான நான் இத எழுதுறேன்."

தடிப் புத்தகத்தை எடுத்து என் பைக்குள் வைத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். டாக்டர் கொடுத்த பொருள், நான் ஆசையாகக் கொடுத்தது, வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டது.

அடுத்த பத்து மாதம் என் வேலை என்ன தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். புத்தகத்தில் இருப்பதற்கு மேல் அவள் ஒரு சொல் சொன்னாலும் அவள் நோட்டில் நான் நீல வட்டம் போட வேண்டும். சொன்னது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் வட்டம்தான். சரியான பதிலுக்கு வட்டம் போடுவது என்ன கொடுமை என்று எனக்குத்தான் தெரியும். ஆரம்பத்தில் பக்கமெல்லாம் வட்டமாக இருந்தது.

ஒருநாள், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்று கேட்டேன். அது ஒரு கறுப்புப் பூஞ்சை. காதுச் சீழில் வரும், கறுப்புப் பொடி தூவின மாதிரி இருக்கும், சொட்டு மருந்து போட வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். வாரத்துக்கு ஒரு காது பார்க்கிறோமே. பிறகு புத்தகத்தைப் பார்த்தேன், சிட்ரிக் அமிலம் தயாரிக்கிறது என்று மட்டும் இருந்தது. அடுத்து கிளாஸ்ட்ரிடியம். அதில் ஒரு வகை புண்ணை அழுக வைத்துக் காலையே எடுக்க வைக்கும் பாவி என்று எங்களுக்குத் தெரியும். புத்தகத்திலோ அதன் பங்காளி ஒன்று சமர்த்தாக பியூட்ரிக் அமிலம் செய்துகொண்டிருந்தது. தொண்டைச் சீழில் நாங்கள் பிடித்து அடைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இங்கே மாரடைப்பு வந்தவரின் ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து கொடுத்தது.

எனக்கு மெய்யாகவே புல்லரித்தது, முருகேசா. முப்பது வருஷமாகப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் எல்லாரும் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். நான் தள்ளச் சொன்ன அந்தப் பாடத்தை ஐம்பத்தெட்டு வயதில் மூன்று தரம் படித்தேன். வீட்டில் இட்லி மாவு பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்று, அடுப்பில் பாலைத் தீயவிட்டேன். ஷமீமாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு திரும்பி வந்தது அன்றைக்குத்தான்.

பக்கக் கணக்குக் கேட்டாய் அல்லவா? பதினொன்றிலும் பன்னிரண்டிலும் கிருமி வரும் பக்கங்களை மட்டும் அவள் ஒன்றாகச் சேர்த்து கிளிப் போட்டிருந்தாள். ஐம்பது பக்கத்துக்குள் அடங்கியது. வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை இவற்றின் பிரிவுகள், நோய்கள், அந்த மாவு புளிக்கிற பாடம், மரபுப் பொறியியலில் கொஞ்சம். ஆனால் அந்த ஐம்பதில் ஒரு வரி விடமாட்டாள். படத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தும், அட்டவணையின் கடைசிக் கட்டமும் மனப்பாடம். கிருமிக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் மிச்சமானதையெல்லாம் இயற்பியலில் கொண்டுபோய்ப் போட்டாள். மாசி மாதம் வந்தபோது அவள் நோட்டில் நீல வட்டமே இல்லை. பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாவது பரீட்சைக்கு நானும் போனேன், காதரின் ஜீப்பில், அவர்கள் மகளும் கூட. வெயில் மண்டையைப் பிளந்தது. முக்காடு போட்டு வருகிறவர்கள் சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்று விதி, அதனால் எங்களுக்கு முன்னால் யாருமே இல்லை. வாசலில் நின்ற காவலாளி, பெற்றோர் எல்லாம் மரத்தடிக்குப் போங்கம்மா என்று அவளைக் கையைக் காட்டி விரட்டினார். அவள் ஹால் டிக்கெட்டை நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு ஒதுங்கி நின்று, "உள்ள போங்க தாயி, நல்லா எழுதுங்க" என்றார். அவள் தன் வளையலைக் கழற்றி மகள் கையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மரத்தடியில் மூன்று மணி நேரமும் எனக்கு உட்கார முடியவில்லை. காதர் நான்கு தடவை தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். அவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார், பெயிண்ட் தேய்ந்துவிடும்போல இருந்தது. இது போனால் இனி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். சாயங்காலம் கதவு திறந்து பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் அவள் மெதுவாக வந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள்.

"இந்தத் தடவ விடால் வரலக்கா" என்றாள். "அந்தக் கறுப்புப் பூஞ்சை வந்துச்சு. காதப் பத்தி நான் நெனக்கவே இல்ல."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன். ரிசல்ட் வந்தபோது கட்ஆஃபுக்கு மேல் தாராளமாகவே இருந்தது. இடம் கிடைத்துவிட்டது, அரசுக் கல்லூரி. லேப்பே கூத்தாடியது. கடைசி நாள் அவளிடம் அந்த விடால் அட்டையை எடுத்துக்கொண்டு போ என்று கழற்றப் போனேன். வேண்டாம், அது இங்கனதான் இருக்கணும் என்று என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

முதல் வருஷம் உடற்கூறு, உடலியங்கியல் என்று ஓடிப்போனது. அதற்குள் நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். சென்ற தீபாவளி விடுமுறையில் ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. ஷமீமா, கையில் வெள்ளைக் கோட்டோடு. மகளும் கூட வந்திருந்தாள், அவள் இப்போது ஏழாம் வகுப்பு. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

இரண்டாம் வருஷத்தில் மைக்ரோபயாலஜி வந்துவிட்டதாம். முதல் வாய்மொழித் தேர்விலேயே பேராசிரியை, விடால் பாசிட்டிவ் என்றால் டைபாய்டு உறுதியா என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல மேடம்னேன். ஏன்னு கேட்டாக. ஏலத்தோட்டத்துல இருந்து ஜீப்புல வந்த ஒரு அம்மாவப் பத்திச் சொன்னேன்க்கா. சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த மேடம் குறுக்க பேசவே இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டே, அந்தத் தடிப் புத்தகத்தைக் கொடுங்கள், இப்போதுதான் அதைக் கேட்கிறார்கள் என்றாள். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். சும்மா இருக்க முடியாமல், எவ்வளவு படிக்கப் போகிறாய் என்று சீண்டினேன்.

"அம்புட்டையும்" என்றாள்.

ஆக, முருகேசா, உன் மகளிடம் இப்போதைக்கு அந்த ஐம்பது பக்கத்தைச் சொல். ஒரு வரி விடாமல், ஒரு வரி கூட்டாமல் படிக்கட்டும், மாவு புளிக்கிற பாடத்தைத் தள்ளச் சொல்லிவிடாதே. தடிப் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை, ஷமீமாவிடம் இருக்கிறது. உன் மகள் உள்ளே போனதும் அவளிடம் போய் வாங்கிக்கொள்ளட்டும். அதற்குள் அவள் படித்து முடித்திருப்பாள்.